பூட்டிய கதவும் எச்.ஐ.வி. கிருமியும்

பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக வரும் நெடுஞ்சாலை, கிருஷ்ணகிரியில் பிரிந்து சேலத்துக்கும் சென்னைக்கும் செல்கிறது. சாமல்பட்டி போன்ற சிற்றூர்களிலிருந்து பிழைப்பைத் தேடிப் பலர் இவ்வழியே செல்கின்றனர். லாரி ஓட்டுநர்கள், குடும்பத்தைப் பிரிந்து வாழும் தொழிலாளர்கள், பாலியல் தொழிலில் உள்ள பெண்கள் ஆகியோரை எச்.ஐ.வி. எளிதில் தொற்றக்கூடும். இவர்களைப் பழித்து ஒதுக்கினால் நோய் குறையுமா? நம் மாநிலத்தின் வரலாற்றில் இதற்கு விடை உண்டு.

எய்ட்ஸ் நோய் 1981-ல் அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இந்தியாவில் அது இல்லை என்றே பலரும் நம்பினர். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமன் அவ்வாறு எண்ணவில்லை. அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா, காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்கள் உட்பட 80-க்கும் மேற்பட்டோரிடம் இரத்தம் சேகரித்தார். சென்னையில் சோதனை வசதி இல்லாததால், 1986 பிப்ரவரியில் மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்றன.

அங்கு நடந்தது எலிசா சோதனை. தட்டின் சிறு குழிகளில் கிருமியின் புரதம் பூசப்பட்டிருக்கும். இரத்த நீரில் அக்கிருமிக்கு எதிர்ப்பொருள் இருந்தால் அது புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர் சேர்க்கும் வேதிப்பொருளால் நிறம் மாறும். ஆறு மாதிரிகள் மஞ்சளாயின! இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அன்று தெரிந்தது.

அடுத்து நடந்தது வருந்தத்தக்கது. தொற்று இருந்த பெண்கள் சிலர், தண்டனைக் காலம் முடிந்த பின்னும் காப்பகத்திலேயே அடைத்து வைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1990-ல் அப்பெண்கள் விடுதலை பெற்றனர்.

அடைத்து வைப்பது அறிவியலுக்கும் பொருந்தாது. ஏன்? தொடுவதாலோ, சேர்ந்து உண்பதாலோ இக்கிருமி பரவாது. தொற்றியவர் பல ஆண்டுகள் நோய்க்குறியின்றி இருக்கக்கூடும். சோதனை ஒன்றே அதைக் காட்டும். சோதனைக்கு வந்தால் சிறை என்றால் யார் வருவார்கள்? கிருமி மறைவிலேயே பரவும்.

பின்னர் வழி மாறியது. 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றியது. ஓட்டுநர்களிடமும் பாலியல் தொழிலாளரிடமும் அவர்களில் ஒருவரே சென்று ஆணுறையைப் பற்றி எடுத்துரைக்கும் முறை வளர்ந்தது. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தவறாது உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்று பரவாது. ஒப்புதலின்றிச் சோதனை செய்வதையும், தொற்றைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதையும் 2017-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

வாசகர்களே! நம் நாட்டுக்கு முதல் எச்சரிக்கை, சமுதாயம் ஒதுக்கி வைத்த பெண்களின் இரத்தத்திலிருந்தே கிடைத்தது. அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. நம் ஊரில் ஒருவர் சோதனைக்குச் செல்லும்போது அவரை ஏளனமாகப் பாராமல் இருப்பது, அக்கடனில் நாம் தீர்க்கக்கூடிய பங்காகும்.