காவுதடியில் வந்த கிண்ணம்



எமது கரையோரத்தில் இடியப்பத்துக்குத் தமிழர் வீட்டில் சொதி, முஸ்லிம் வீட்டில் ஆணம். ஆணம் நல்ல தமிழ்ச் சொல். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் அது உயிரோடிருக்க, தமிழ் கற்பிக்கும் எம் போன்றோர் வீடுகளில் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. இன்று நான் அறிமுகப்படுத்த விரும்பும் உணவை வேறெந்தச் சொல்லாலும் விளக்க முடியவில்லை. வியட்நாமியரின் 'ஃபோ' என்பது அரிசி நாடாவும் எலும்பு ஆணமும் சேர்ந்த ஒரு கிண்ணம்.

பெயரைச் சரியாகச் சொல்வது எளிதன்று. கேள்வி கேட்பவரின் குரல்போலச் சற்றே தாழ்ந்து எழவேண்டும். அதில் வரும் உயிரொலி 'ஓ'வும் அன்று, 'ஆ'வும் அன்று. எமது நெடுங்கணக்கில் அதற்கு எழுத்தில்லை.

மாட்டெலும்பை மெல்லிய தீயில் பல மணிநேரம் வேகவைத்து, நுரையை அகற்றிக்கொண்டே இருப்பார்கள். நெருப்பில் சுட்ட இஞ்சியும் வெங்காயமும், கறுவா, கராம்பு, எட்டிதழ் நட்சத்திரம் போன்ற அன்னாசிப்பூ ஆகியவையும் சேரும். தேங்காய்ப்பாலோ புளியோ கிடையாது. ஆணம் தெளிந்திருக்க வேண்டும் என்பதே சமையற்காரரின் கௌரவம். ஊறவைத்த அரிசியை அரைத்து, ஆவியின்மேல் கட்டிய துணியில் மெல்லிய தோசைபோலப் பரப்பி அவித்து, நாடாவாக வெட்டுகிறார்கள். எமது இடியப்பம்போலத் துளைகளின் வழியே பிழியும் நூலும் அவர்களிடம் உண்டு. அதற்குப் 'பூன்' என்று வேறு பெயர். நாடாவின்மேல் தாள்போலச் சீவிய இறைச்சியை வைத்துக் கொதிக்கும் ஆணத்தை ஊற்ற, அந்தச் சூட்டிலேயே இறைச்சி வெந்துவிடும். புதிதாக உண்பவருக்கு ஒரு வேண்டுகோள்: தேசிக்காயையும் கொச்சிக்காயையும் கண்டவுடன் பிழிந்துவிட வேண்டாம். முதலில் வெறும் ஆணத்தில் ஒரு மிடறு அருந்திப் பாருங்கள்.

இவ்வுணவு பழைமையானது என்று எண்ணிவிடலாகாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வட வியட்நாமில், நாம் தின் நகரத்தையும் ஹனோயையும் சூழ்ந்து உருவானது. நாம் தின் எமது மருதமுனையைப்போல நெசவுக்குப் பேர்போன ஊர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் பெரிய ஆலை எழுந்த இடம். வியட்நாமிய உழவனுக்கு மாடு என்பது ஏர் இழுக்கும் துணை. அதை உணவுக்காகப் பெருமளவில் அறுக்கும் வழக்கம் பிரெஞ்சுக்காரரோடு வந்தது. நல்ல இறைச்சி அவர்கள் மேசைக்குப் போக, எலும்பு எஞ்சியது. அந்த எலும்பைச் சீனரும் வியட்நாமியருமான தெரு வியாபாரிகள் பானையில் இட்டனர். காவுதடியின் ஒரு தலையில் அடுப்பும் பானையும், மறுதலையில் நாடாவும் கிண்ணங்களும். கடையே தோளில் நடந்தது.

பெயரின் மூலம் குறித்து இரு கட்சிகள் உண்டு. நெருப்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான 'ஃபெ' என்பதே மூலம் என்பர் சிலர். அரிசி நாடாவைக் குறிக்கும் சீனச் சொல்லின் திரிபு என்பர் வேறு சிலர். 1931இல் ஹனோயில் வெளிவந்த வியட்நாமிய அகராதி சீன மூலத்தையே காட்டுகிறது. நானும் அகராதியின் பக்கமே நிற்கிறேன். சொல் சீனரிடமிருந்து வந்தது, எலும்பு பிரெஞ்சுக்காரரின் இறைச்சிக்கடையிலிருந்து வந்தது என்று கொள்வோம்.

நான் மாட்டிறைச்சி உண்பவனல்லன். எனவே 1939ஆம் ஆண்டு எனக்குப் பிடித்தமான ஆண்டு. அப்போது ஹனோயில் வாரத்தில் இரு நாட்கள் மாட்டிறைச்சி விற்பனை நிறுத்தப்பட, வியாபாரிகள் கோழியில் ஆணம் காய்ச்சினர். தூய்மைவாதிகள் முகஞ்சுளித்தனர் என்றாலும் கோழி ஃபோ நிலைத்துவிட்டது.

இலக்கியம் இதைச் சும்மா விடவில்லை. தாக் லாம் என்ற எழுத்தாளர் ஹனோயின் தெருக்களையும் உணவுகளையும் பற்றி எழுதிய நூல், அவர் மறைந்த மறு ஆண்டில், 1943இல் வெளிவந்தது. ஃபோவுக்கு அதில் தனியிடம் உண்டு. 1957இல் நுயென் துவான் 'ஃபோ' என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். புரட்சி நடக்கும் நாட்டில் நாக்கின் சுவையைப் பாடுவதா என்று அவர் கண்டிக்கப்பட்டார். இன்றோ அந்நாட்டு உரைநடையின் சிறந்த படைப்புகளுள் ஒன்றாக அதையே எடுத்துக்காட்டுகின்றனர். யுத்த காலத்து ஹனோயில் அரசாங்கக் கடைகளில் இறைச்சியே இல்லாத ஃபோ விற்பனையாயிற்று. தலைக்குமேல் பறந்த அமெரிக்காவின் ஆளில்லா வேவு விமானங்களை நினைத்து, மக்கள் அதற்கு 'விமானி இல்லாத ஃபோ' என்று பெயரிட்டனர். பசியிலும் எள்ளல் போகவில்லை.

1954இல் ஜெனீவா உடன்படிக்கை நாட்டை இரண்டாகப் பிரித்தது. பத்து இலட்சத்தை அண்மித்த வடவர் தெற்கே பெயர்ந்தனர். வடக்கே அடக்கமாயிருந்த கிண்ணம் சைகோனில் ஆடம்பரம் பூண்டது. முளைவிட்ட பயறு, துளசி இனத்து இலைகள், இனிப்புச் சாறு எல்லாம் பக்கத்தில் வந்து குந்தின. ஹனோய்க்காரர் இன்றும் இதை மன்னிக்கவில்லை. 1968இல் சைகோனின் 'ஃபோ பின்' என்ற கடையில், கீழே அமெரிக்கச் சிப்பாய்கள் உண்டுகொண்டிருக்க, மாடியில் தெத் புத்தாண்டுத் தாக்குதலுக்கான திட்டம் தீட்டப்பட்டது.

அதே சைகோனில் தமிழ் மொழியும் ஒலித்ததை நம்மவர் பலர் அறியார். பாண்டிச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழர் அங்கே அரசாங்க உத்தியோகத்துக்குச் சென்றனர். செட்டிமார் வட்டித்தொழில் நடத்தினர். தமிழ் முஸ்லிம்கள் துணிக்கடை வைத்தனர். மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் தொங் து வீதியில் இருக்கிறது. எமது 'கறி' அவர்கள் மொழியில் 'கா ரி' ஆயிற்று. 1975இன் பின்னர் தமிழருட் பெரும்பாலானோர் வெளியேறினர். இந்தோசீனாவிலிருந்து மீண்ட குடும்பங்கள் வழியாகப் பாண்டிச்சேரிச் சமையலறைகளிலும் வியட்நாமியச் சுவை குடியேறியது.

அந்த 1975தான் கிண்ணத்தை உலகெங்கும் சிதறடித்தது. இலட்சக்கணக்கானோர் படகேறினர், கடலில் மாண்டவர் பலர். கரை சேர்ந்தவர்கள் பாரிசிலும் கலிபோர்னியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் அடுப்பு மூட்டினர். 2004 ஆழிப்பேரலையின் மறுநாள், பள்ளிவாசல் வளவில் கிடாரத்தில் காய்ச்சிய கஞ்சியை வரிசையில் நின்று வாங்கிக் குடித்தவன் நான். எல்லாம் இழந்தவன் கையில் சூடான ஏனம் வரும்போது என்ன நேர்கிறது என்பதை அகராதி பார்த்து அறியவேண்டியதில்லை.

2024இல் நாம் தின் ஃபோவையும் ஹனோய் ஃபோவையும் வியட்நாம் அரசு தேசிய மரபுரிமைகளாக அறிவித்தது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர், 2022 நவம்பரில், எம் நாட்டவர் 303 பேர் கனடா நோக்கிச் சென்ற கப்பல் தென்சீனக் கடலில் மூழ்கும் நிலையை அடைந்தது. ஜப்பானியக் கப்பலொன்று அவர்களை மீட்டு வியட்நாமின் வுங் தாவ் துறைமுகத்தில் இறக்கியது. குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். 1975இன் பின்னர் வியட்நாமியர் படகேறிய கரைகளுள் வுங் தாவும் ஒன்று. மீட்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ அரைவாசிப்பேர் அந்த டிசம்பரிலேயே கொழும்புக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். ஒருவர் அங்கேயே உயிர் நீத்தார்.