இலக்குச் சுடுதலுக்கான ரைபிள் தோட்டா

ரைபிள் தோட்டா என்பது குண்டு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் மருந்து (பெரும்பாலும் தனி கேப்புக்குள்) ஆகிய மூன்றையும் ஒரே பித்தளைக் கூட்டில் அடக்கிய பொருள். போட்டிக்குப் பழகத் தொடங்குபவர் எந்த ரைபிள் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்பார். ஆனால் எந்தத் தோட்டா என்பதை முடிவு செய்துவிட்டால் ரைபிள், பயிற்சித் தூரம், ஆண்டுச் செலவு மூன்றும் பெரும்பாலும் தாமாகவே தீர்மானமாகிவிடும். இந்தியாவில் இதோடு சட்டமும் சேர்ந்துகொள்கிறது.

வைப்பாறு கடலில் சேரும் இடத்தில் உள்ள கீழவைப்பார் போன்ற ஊரிலிருந்து கல்லூரிக்குப் போகும் மாணவர் முதன்முதலில் கையில் வாங்கும் தோட்டா அநேகமாக என்.சி.சி. முகாமில் தரும் .22 ஆகத்தான் இருக்கும். சுடுபவர்கள் இதை ‘பாயின்ட் டூ டூ’ என்பார்கள். முழுப்பெயர் .22 லாங் ரைபிள். 1887இல் அமெரிக்காவில் வந்தது. குண்டின் குறுக்களவு 5.6 மி.மீ., எடை 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம். இதற்குத் தனி கேப் கிடையாது. கூட்டின் அடிவிளிம்புக்குள்ளேயே பற்றும் மருந்து இருப்பதால் இதை ரிம்ஃபயர் என்கிறார்கள். ஒலிம்பிக் 50 மீட்டர் ரைபிள் போட்டி இந்தத் தோட்டாவால்தான் நடக்கிறது. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றது இதைக் கொண்டுதான். முகாமில் கிடைத்த சின்னத் தோட்டா என்று இதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

தொடக்கநிலையினருக்கு .22ஐப் பரிந்துரைக்க விலையைவிடப் பெரிய காரணம் காற்று. 50 மீட்டர் இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மி.மீ. மட்டுமே. மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று இந்தக் குண்டை அந்தத் தூரத்தில் சுமார் 3 செ.மீ. தள்ளிவிடும். நடுவில் விழ வேண்டிய பத்து, ஏழாகிவிடும். 100 மீட்டரில் அந்தத் தள்ளல் ஏறத்தாழ நான்கு மடங்கு. பெரிய ரைபிளின் .308 குண்டு அதே அளவு தள்ளப்பட அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் தூரம் பறக்க வேண்டும். எனவே 100 மீட்டரில் .22ஐ வைத்துக்கொண்டு காற்றைப் படிப்பவர், 200 மீட்டருக்கு அப்பால் பெரிய ரைபிளில் கற்க வேண்டியதைக் குறைந்த செலவில், தோள் வலிக்காமல் கற்கிறார். கொண்டல், கச்சான், வாடை என்று காற்றைப் பெயர் சொல்லி அறிந்த கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதில் பாதிப் பாடம் வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. மீதிப் பாதி, கொடி அசைவதைப் பார்த்து ரைபிளின் குறிநோக்கியை இத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்ற கணக்கு.

வாங்கும்போது அட்டைப் பெட்டியில் ‘ஸ்டாண்டர்டு வெலாசிட்டி’ என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வகை நொடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஒலியின் வேகம் 35 டிகிரி வெயிலில் சுமார் 352 மீட்டர் என்பதால், குண்டு தொடக்கம் முதலே ஒலிக்குக் கீழேயே பறக்கிறது. ‘ஹை வெலாசிட்டி’ வகை ஒலியைத் தாண்டிக் கிளம்பி, பாதிவழியில் அதற்குக் கீழே இறங்கும்போது நிலை குலைகிறது. வேகம் கூடினால் குறி நன்றாக விழும் என்று நினைத்து அதை வாங்கி ஏமாறுபவர்கள் பலர்.

இன்னொன்று லாட் எண். ஒரே நிறுவனத்தின் ஒரே பெயருள்ள தோட்டாவிலும் ஒரு தயாரிப்புத் தொகுதி ஒரு குழலில் பத்துக் குண்டையும் ஒரே துளையில் இறக்கும். அடுத்த தொகுதி அதே குழலில் சிதறும். பெரிய வீரர்கள் ரைபிளை இடுக்கியில் பூட்டி, தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். தொடக்கநிலையினர் அவ்வளவு போக வேண்டாம். நன்றாகச் சுட்ட பெட்டியின் லாட் எண்ணைக் குறித்துவைத்து, அதையே கேட்டு வாங்கினால் போதும்.

இனி பெரிய தோட்டாக்கள். 300 மீட்டர் போட்டி 1972 மியூனிக்குக்குப் பின் ஒலிம்பிக்கில் இல்லை. உலகச் சாம்பியன்ஷிப்பில் இன்றும் உண்டு. அங்கே 8 மி.மீ. வரை எந்தக் குழல் துளையும் செல்லும் என்றாலும், உலக அளவில் பெரும்பாலோர் 6 மி.மீ. பி.ஆர். தோட்டாவைத்தான் பயன்படுத்துகிறார்கள். காமன்வெல்த் நாடுகளின் ஃபுல்போர் (பெரிய துளை ரைபிள்) மரபில் .308 வழக்கம். அதைவிடச் சிறிய .223இன் பின்னுதைப்பு, ஒரே எடையுள்ள ரைபிளில், .308இல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். தோள் பதறாமல் பழகுவதற்கு அது நல்லது; ஆனால் 600 கெஜத்தில் காற்று அதை அதிகமாக இழுக்கும். 2007இல் வந்த 6.5 கிரீட்மூர் காற்றை வெட்டிச் செல்வதில் இரண்டையும் மிஞ்சுகிறது. முன்சொன்ன அதே காற்றில், 600 கெஜத்தில் .308இன் 168 கிரெய்ன் குண்டு சுமார் 80 செ.மீ. விலகினால் இது சுமார் 55 செ.மீ. விலகும். வெளிநாட்டில் ஒருவர் கேட்டால் இதையே சொல்லலாம். அதன் குழல் 2500, 3000 சுடுதலில் போட்டித் துல்லியத்தை இழக்கத் தொடங்குவதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் நிலை வேறு. .303, 7.62 மி.மீ. போன்ற ராணுவத் தோட்டாக்களுக்குரிய ரைபிள்கள் ‘தடை செய்யப்பட்ட துளை’ வகை. சாதாரண உரிமத்தில் கிடைக்காது. இச்சாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைபிள் உரிமத்தில் கிடைத்தாலும் அதன் தோட்டா இலக்குப் போட்டிக்காக உருவானதல்ல. 300 மீட்டர் பிரிவில் இங்கே ராணுவ, துணை ராணுவ வீரர்களே பெரும்பாலும் தெரிவதற்கு இதுவும் காரணம். மறுபக்கம், 1959 ஆயுதச் சட்டம் உரிமதாரர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும்போது, அங்கீகரிக்கப்பட்ட ரைபிள் கிளப் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் .22க்கும் ஏர் ரைபிளுக்கும் பெயர் சொல்லி விலக்கு தருகிறது. சட்டமே விளையாட்டு வீரருக்குக் காட்டும் வழி .22 என்று கொள்ளலாம். 1951இல் தொடங்கிய இந்தியத் தேசிய ரைபிள் சங்கமும் மாநிலச் சங்கங்களும் அவற்றோடு இணைந்த கிளப்புகளும்தான் இதற்கான வாசல். சுடுவது உரிமம் பெற்ற தளத்தில் மட்டுமே. ஆளில்லாத கடற்கரையோ உப்பளமோ சுடுதளம் ஆகாது.

கடலோரத்தில் தோட்டாவைப் பாதுகாப்பது தனிக் கவலை. .22 குண்டின் ஈயத்தின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. கீழே விழுந்த தோட்டாவை எடுத்து நகத்தால் தடவிப் பார்த்தால் அந்த மெழுகில் மணல் துகள் நறநறவென்று தட்டுப்படும். துடைக்காமல் உள்ளே தள்ளினால் அது குழலைக் கீறும். உப்புக்காற்று பட்ட பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். காரின் முன்பலகையில் வெயிலில் கிடந்த தோட்டாவில் மருந்து சூடேறி அழுத்தம் கூடுவதால் குண்டு வழக்கத்தைவிட மேலே விழும். இறுக மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு, பூட்டிய அலமாரியின் நிழலில் வைப்பதே முறை. சுட்டு முடித்ததும் காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணி, கொடுத்த எண்ணிக்கையோடு சரிபார்த்துப் பதிவேட்டில் ஏற்றும் முகாம் வழக்கம் கிளப்பிலும் தொடர வேண்டும்.