பட்டியலில் விட்டுப்போன பெயர்

இம்மலருக்கு முகவரிப் பட்டியல் சரிபார்த்தபோது ஒரு வகுப்புத் தோழர் பெயரை விட்டுவிட்டேன். "என்னை மறந்துட்டியாப்பா?" என்று அவர் கேட்டதும் சங்கடமாகப் போச்சு. ஒரு இனத்தின் பெயரே பட்டியலில் விட்டுப்போனால்?

தென் கலிபோர்னியாவின் தெஹாச்சப்பி மலைப்பகுதியில் வாழ்ந்தவர்கள் கிட்டனெமுக் மக்கள். ஓக் மரத்துக் கொட்டையை இடித்து மாவாக்கி, தண்ணீர் ஊற்றிக் கசப்பைப் போக்கி, கஞ்சி காய்ச்சுவார்கள். கூடை முடைவதில் கைதேர்ந்தவர்கள். 1776-இல் கார்செஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் அவர்கள் ஊருக்கு வந்தார்.

1851-இல் அமெரிக்க அரசின் பிரதிநிதிகள் தெஹோன் பகுதிப் பழங்குடியினருடன் ஒப்பந்தம் செய்தனர். பூர்வீக நிலத்தை விட்டுக்கொடுத்தால், தனியே நிலம் ஒதுக்குவதாக வாக்குறுதி. மறு வருஷமே செனட் சபை அதை ஏற்க மறுத்துவிட்டது! வாக்குறுதி காகிதத்தோடு போச்சு.

மொழியும் தேய்ந்தது. 1916, 1917-இல் ஜான் ஹாரிங்டன் என்ற மொழி ஆய்வாளர் மூத்த பெண்களிடம் உட்கார்ந்து, சொல் சொல்லாகக் கேட்டு எழுதிவைத்தார். தாய்மொழியாகப் பேசியவர்கள் மறைந்த பிறகு அந்தக் குறிப்புகளே பெரும் ஆதாரம்.

கிட்டனெமுக் வழிவந்தவர்கள் உள்ள தெஹோன் பழங்குடியினரின் பெயர், அரசின் அங்கீகாரப் பட்டியலில் பல ஆண்டுகள் இல்லாமலே இருந்தது. நிர்வாகத் தவறு என்று ஒப்புக்கொண்டு 2012-இல்தான் சேர்த்தார்கள்.

நண்பர் பெயரை ஒரே நாளில் சேர்த்துவிட்டேன். அவர்கள் காத்திருந்ததோ தலைமுறைக் கணக்கில்!