கன்று போன வழி: வாழை முடிக்கொத்து நோயும் அபாய வரைபடமும்



தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்தபோது என்னென்ன கையோடு கொண்டுவந்தீங்கன்னு உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். சாமிப் படம், அம்மிக்கல், முருங்கைக் கொம்பு என்று சொல்லிக்கொண்டே வந்து, ‘அப்புறம் ஒரு வாழைக்கன்று’ என்று முடிப்பார். சுங்கை ஊடாங் பக்கம் வீட்டுக்குப் பின்னாலும் கால்வாய் ஓரத்திலும் வாழை நிற்கிறது. இலைக்கும் பூவுக்கும் காய்க்கும், விசேஷத்துக்கு வாசலில் கட்டவும் அது வேண்டும். கன்றுக்கு யாரும் காசு கேட்பதில்லை. “ஒண்ணு வெட்டி எடுத்துக்கிட்டுப் போங்க” என்பதோடு சரி.

இப்படிக் கைமாறிய கன்றுதான், சில நாடுகளில் வாழைத் தொழிலையே சாய்த்தது. அது எப்படி என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். ஒரு நோயை வரைபடத்தில் குறித்தால் நமக்கு என்ன தெரியவரும் என்பதும் இதில் இருக்கிறது. வரலாறு, புவியியல், அறிவியல் மூன்றும் சேரும் இடம் இது.

நோயின் அடையாளம்

இதற்குத் தமிழில் ‘முடிக்கொத்து நோய்’ என்று பெயர். நோய் கண்ட வாழையில் புது இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். இலைக்காம்பில் கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாக, தந்தி எழுத்துப் போல வரிகள் தெரியும். மரம் பெரும்பாலும் குலை தள்ளாது. நோய் வந்த மரத்தைக் குணப்படுத்த மருந்து கிடையாது. அதன் அடியில் வரும் கன்றுகளும் நோயோடுதான் வரும்.

ஃபிஜியில் தொடங்கி

1889இல் ஃபிஜித் தீவுகளில் இந்நோய் பதிவானது. 1892இல் ஏறக்குறைய 788,000 குலைகளை ஏற்றுமதி செய்த அந்த நாடு, 1895இல் 114,000 குலைகளையே அனுப்ப முடிந்தது. மூன்றே ஆண்டில் இந்த வீழ்ச்சி.

1913இல் ஃபிஜியிலிருந்து நடவுக்காகக் கொண்டுவந்த கன்றுகளோடு நோய் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தது. நியூ சவுத் வேல்ஸும் குவின்ஸ்லாந்தும் சந்திக்கும் எல்லைப் பகுதி வாழைக்குப் பேர் போனது. 1920களின் நடுப்பகுதிக்குள் அங்கே நோய் பரவிய இடங்களில் பெரும்பாலான தோட்டங்கள் கைவிடப்பட்டன. முன்னாள் போர்வீரர்கள் பலர் அங்கே வாழை போட்டிருந்தார்கள். போட்ட பணமும் உழைப்பும் கண்ணெதிரே போயின.

மண்ணில் சத்துக் குறைவா, வேரில் புழுவா என்று பலரும் பலவிதமாகப் பேசினார்கள். சார்லஸ் மகி என்ற இளம் ஆய்வாளர்தான் விடையைக் கண்டார். நோய்க்குக் காரணம் வைரஸ். அதைச் சுமப்பது வாழை அசுவினி என்ற சின்னஞ்சிறு பூச்சி. 1927இல் அவருடைய ஆய்வு வெளியானது.

மகி அந்த வைரஸைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அதைப் பிரித்தெடுத்துக் காட்ட 1990ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை உலகம் காத்திருந்தது. ஆனாலும் ஆஸ்திரேலியா நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. எப்படி? தோட்டங்களைப் பதிவு செய்தார்கள். ஆய்வாளர்கள் வரிசை வரிசையாக நடந்து மரங்களைப் பார்த்தார்கள். நோய் கண்ட மரத்தை உடனே அழிக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. கன்றுகளை இடம் மாற்றத் தடை போட்டார்கள்.

அழிப்பதிலும் ஒரு முறை இருந்தது. முதலில் மரத்தின் குருத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பூச்சிகளைக் கொன்றார்கள். அதற்குப் பிறகே தோண்டினார்கள். அவசரப்பட்டு முதலில் வெட்டினால் என்ன ஆகும்? பூச்சி பக்கத்து மரத்துக்குப் போய்விடும்; நோயை நாமே பரப்பியதாக ஆகும்.

இலங்கை வழியாகப் பழனிமலைக்கு

இலங்கையில் 1913இலேயே நோய் பதிவாகியிருந்தது. அங்கிருந்து 1940ஐ ஒட்டிக் கேரளத்தின் கோட்டயம் பகுதிக்கு வந்தது என்பது ஆய்வாளர்களின் கருத்து. பிறகு தமிழ்நாட்டுக்குள் வந்து, கீழ்ப்பழனி மலையின் விருப்பாச்சி வாழையைப் பிடித்தது.

பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் கொடுத்த மலை வாழைகளில் விருப்பாச்சியும் ஒன்று. காப்பிச் செடிகளுக்கு நடுவே, மழையை நம்பி வளர்வது. ஒரு தடவை நட்டால் அதே அடியிலிருந்து பல ஆண்டுகள் கன்று வந்துகொண்டே இருக்கும். அந்த வசதியே நோய்க்கும் வசதியாகிப் போனது. நோய்ப்பட்ட அடி அகற்றப்படாமல் நின்றது, பூச்சி அங்கேயே குடியிருந்தது, பக்கத்து நிலத்துக்கும் அதே கன்று போனது. சுமார் 18,000 ஹெக்டரில் இருந்த மலை வாழை 2,000 ஹெக்டர் அளவுக்குச் சுருங்கியது. பின்னர் வைரஸ் இல்லை என்று சோதித்த திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொடுத்துத்தான் சாகுபடியை மெல்ல மீட்க முயன்றார்கள். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993இல் தொடங்கப்பட்டது. வாழை வைரஸ்கள் அதன் முக்கிய ஆய்வுப் பொருள்களில் ஒன்று.

தூரத்தை அளந்தவர்கள்

1854இல் லண்டனில் காலராச் சாவுகளை ஜான் ஸ்னோ வரைபடத்தில் குறித்தார். புள்ளிகள் ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் குவிந்திருந்தன. வாழைக்கும் அப்படிச் செய்ய முடியுமா? முடிந்தது.

1970களில் ஆஸ்திரேலியாவில் ஆலன் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் தோட்ட ஆய்வுப் பதிவேடுகளை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். எந்த மரத்துக்கு எப்போது நோய் வந்தது, அதற்கு மிக அருகில் இருந்த நோய் மரம் எத்தனை மீட்டர் தள்ளி இருந்தது? கிடைத்த விடை இது:

- பூச்சியால் நோய் தாவிய சராசரித் தூரம் 15.2 மீட்டர்.
- புதிதாக நோய் கண்டவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, 20 மீட்டருக்குள்.
- நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது, 86 மீட்டருக்குள்.

86 மீட்டர் என்றால் நம் பள்ளிக் காற்பந்துத் திடலின் நீளத்துக்குள் அடங்கிவிடும்.

புதுத் தோட்டம் நோய்த் தோட்டத்தை ஒட்டியே இருந்தால், முதல் ஆண்டிலேயே நோய் வரும் வாய்ப்பு 88 விழுக்காடு. 50 மீட்டர் முதல் 1,000 மீட்டர் வரை இடைவெளி இருந்தால் 27 விழுக்காடு. 1,000 மீட்டர் தள்ளிப் போனால் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அபாய வரைபடம் என்பது இதுதான்: நோய் மரத்தை நடுவில் வைத்து, தூரத்துக்கு ஏற்ற வட்டங்களைப் போடுவது.

சரி, பூச்சி பெரும்பாலும் 86 மீட்டருக்குள்தான் தாவுகிறது என்றால், ஃபிஜியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நோய் எப்படிப் போனது? பூச்சி பறந்து போகவில்லை. மனிதன் கப்பலில் கொண்டுபோனான். கிட்டத்துப் பரவலுக்குப் பூச்சி, எட்டத்துப் பரவலுக்குக் கன்று. ஆகவே வட்டங்கள் மட்டும் போட்ட வரைபடம் பாதி வரைபடம்தான். கன்று போகும் சாலைகளையும் அதில் போடவேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வைரஸ் நுழைந்த பிறகு அடையாளம் தெரிய வாரக்கணக்கில் ஆகும். கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பார்க்க நல்லாத்தான் இருக்கும். இந்த வரலாற்றில் யாரும் கெட்ட எண்ணத்தோடு கன்று கொடுக்கவில்லை.

நம் ஊருக்கு வருவோம்

நம் நாட்டு வாழைக்காரர்கள் அதிகம் பயப்படுவது வாடல் நோய்க்கு. அது வைரஸ் அல்ல, மண்ணில் வாழும் பூஞ்சை. 1990களில் தீபகற்பத்தின் கவெண்டிஷ் வாழைத் தோட்டங்களை அது வீழ்த்தியது. கிருமி வேறாக இருந்தாலும் எட்டத்துப் பாதை ஏறக்குறைய ஒன்றுதான்: நோய்த் தோட்டத்துக் கன்றும் அதில் ஒட்டிய மண்ணும்.

சட்டமும் இருக்கிறது. தாவரத் தனிமைக்காப்புச் சட்டம் 1976இல் வந்தது. வெளிநாட்டிலிருந்து அனுமதியில்லாமல் நடவுப் பொருள் கொண்டுவரக் கூடாது. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பெட்டியில் துணிக்கு நடுவே ஒரு விருப்பாச்சிக் கன்றை வைப்பது ஆசையால்தான். ஆனால் கோட்டயத்துக்கு வந்த நோயும் இப்படி யாரோ ஒருவரின் ஆசையோடு வந்திருக்கலாம்.

வகுப்பறைப் பயிற்சி

சுங்கை ஊடாங் வரைபடத்தில் உங்கள் தாமானைக் குறியுங்கள். வாழை நிற்கும் வீடுகளுக்குப் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி 20 மீட்டர், 86 மீட்டர் வட்டங்கள் போடுங்கள். பிறகு ஒவ்வொரு வீட்டிலும் கேளுங்கள்: “இந்தக் கன்று எங்கிருந்து வந்துச்சு?” மஸ்ஜித் தானாவா, செங்கா, ஜொகூரா? விடைக்கு ஏற்ப அம்புக்குறி போடுங்கள். வட்டங்கள் ஒன்றையொன்று தொடும் இடமும், அம்புகள் வந்து சேரும் வீடும்தான் உங்கள் அபாயப் பகுதி.

தேர்வு மாணவர்களுக்கு

‘நோய் பரவக் காரணம் பூச்சி’ என்று எழுதி நிறுத்தினால் அது பாதி விடை. பூச்சி, கன்று, கைவிடப்பட்ட மரம், தாமதமான கண்டுபிடிப்பு என்று காரணங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும் ஆண்டும் காட்டுங்கள்.

1. வைரஸைப் பார்க்காமலேயே ஆஸ்திரேலியா நோயைக் கட்டுப்படுத்தியது எப்படி?
2. கீழ்ப்பழனி மலையின் சாகுபடி முறை நோய்க்கு எவ்வாறு இடம் கொடுத்தது?
3. ‘கன்று கொடுப்பது நல்ல பழக்கம், அதைத் தடை செய்வது சரியா?’ இரு பக்கமும் வாதிடுக.

மூன்றாவது கேள்விக்கு என் விடையைச் சொல்கிறேன். கன்று கொடுப்பதை நிறுத்த வேண்டாம். ஆனால், கொடுப்பதற்கு முன் அந்த அடியில் உள்ள எல்லா மரங்களின் இலைக்காம்பையும் பாருங்கள். அக்கம்பக்கத்தில் ஒரு மரம் கொத்தாக நின்றாலும் அன்றைக்குக் கன்று வெட்டாதீர்கள். விவசாய இலாகாவுக்குச் சொல்லுங்கள். “இப்ப வேணாம், பார்த்துட்டு அப்புறம் தர்றேன்” என்று சொந்தக்காரரிடம் சொல்வதில் தப்பே இல்லை.