ஊசி காக்காத ஊர்கள்: திருவள்ளூர் வட்டாரக் காசநோய் ஆய்வின் வரலாறு

காசநோய்த் தடுப்பூசியைப் பற்றி உலகில் எங்கே பாடம் நடந்தாலும் 'செங்கல்பட்டு ஆய்வு' என்ற பெயர் அதில் வந்தே தீரும். பெயர் அப்படியிருந்தாலும் அதன் நடுக்களம் திருவள்ளூரும் சுற்றியுள்ள கிராமங்களும்தான். 1968இல் இவை பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதியில் இருந்தன. 1997 ஜூலையில் மாவட்டம் பிரிந்தபோது திருவள்ளூர் தனி மாவட்டமானது. மருத்துவ நூல்களில் பழைய பெயரே நின்றுவிட்டது.

இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட், செங்கல் சூளைகள், நெல்வயல்கள், பழவேற்காட்டு மீனவர் குப்பங்கள் எல்லாம் ஒரே மாவட்டப் பெயரின் கீழ் வருகின்றன. நுரையீரல் நோயை ஆராய இதைவிடப் பொருத்தமான நிலப்பரப்பு கிடைப்பது அரிது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த வட்டாரத்தில் ஆய்வு நடக்கிறது. அதன் போக்கைப் பார்த்தால், கேள்வி மெல்ல இடம் மாறி வந்திருப்பது தெரிகிறது. எந்த ஊசி காக்கும் என்று தொடங்கியவர்கள், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேட்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இந்த மாற்றம் யாரும் திட்டமிட்டு நடந்ததல்ல. 1979இல் வந்த ஒரு கசப்பான முடிவே அதைத் தொடங்கிவைத்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சேத்துப்பட்டில் தொடக்கம்

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முதலில் பொறுப்பில் இருந்தார். அந்த நாளில் காசநோய் என்றால் சானடோரியம். படுக்கை, பால், முட்டை, நல்ல காற்று. மையம் 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959இல் முடிவு வெளிவந்தது: நெருக்கடியான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டோடு மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமானார்கள். உலகம் முழுவதும் சானடோரியங்கள் காலியாக இந்த முடிவும் ஒரு காரணம். (உணவு முக்கியமில்லை என்ற எண்ணமும் இதனோடு சேர்ந்து பரவியது. அதைத் திருத்த அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.)

மருந்து கிடைத்துவிட்டது. தடுப்பு என்ன ஆயிற்று? பிரான்சில் கால்மெட், குவெரின் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 1921 வரை 230 முறை மறுவளர்ப்புச் செய்து வீரியம் குறைத்து உருவாக்கியது பி.சி.ஜி. இந்தியாவில் 1948இல் கிண்டியில் அதற்கென ஆய்வகம் வந்தது. 1950களின் தொடக்கத்தில் நாடெங்கும் ஊசி இயக்கம் நடந்தது. ராஜாஜி அதை எதிர்த்து எழுதினார். தான் ஏன் எதிர்க்கிறேன் என்று விளக்கி 1955இல் ஒரு சிறு நூலே வெளியிட்டார். அவர் காட்டிய காரணங்களில் சில அறிவியலுக்கு நிற்காதவை. ஆனால் உறுதிப்படாத ஒன்றைக் கோடிக்கணக்கானவர்கள் மேல் ஏற்றுகிறார்கள் என்ற குறை அப்படித் தள்ளிவிடக் கூடியது அல்ல. பிரிட்டிஷ் பள்ளி மாணவர்களிடம் ஏறத்தாழ 80 சதவீதம் காத்த அதே வகை ஊசி, அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா பகுதிகளில் 14 சதவீதமே காத்தது. இந்தியக் கிராமத்தில் எவ்வளவு காக்கும் என்பதைப் பெரிய அளவில் யாரும் அளந்திருக்கவில்லை.

பதினைந்தாண்டுக் கணக்கு

அளப்பதற்கான முயற்சி 1968 ஜூலையில் தொடங்கியது. பிரெஞ்சு, டென்மார்க் என இரண்டு ரக பி.சி.ஜி., ஒவ்வொன்றிலும் இரண்டு அளவுகள், இவற்றோடு மருந்தில்லாத ஒரு ஊசி. யாருக்கு எது போடப்பட்டது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 3,66,625 பேர் பதிவேட்டில் ஏறினார்கள். 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது.

இந்த எண்களுக்குப் பின்னாலிருந்த உழைப்பைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். முதலில் வீடுவீடாகக் குடிக்கணக்கு. பிறகு முன்கையில் டியூபர்குலின் ஊசி. சில நாள் கழித்து அதே வீட்டுக்குத் திரும்பப் போய், கையில் எழுந்த தடிப்பை அளவுகோல் வைத்து மில்லிமீட்டர் கணக்கில் குறிக்க வேண்டும். 8 மில்லிமீட்டருக்குக் குறைவென்றால் அவருக்குத் தொற்று இல்லை என்று கொள்வார்கள். ஆள் வயலுக்குப் போயிருந்தால் வயலுக்கே தேடிப் போக வேண்டும். எக்ஸ்ரே படத்தில் நிழல் தெரிந்தவர்களிடம் சளி வாங்க வேண்டும். சளியில் கிருமி இருக்கிறதா என்று முட்டை கலந்த வளர்ப்பு ஊடகத்தில் இட்டுப் பார்த்தால், இல்லை என்று சொல்ல எட்டு வாரம் ஆகும். காசநோய்க் கிருமி அவ்வளவு மெதுவாக வளரும். இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை மொத்த மக்களையும் மறுபடி பார்த்தார்கள்; நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தவர்களைப் பத்து மாதத்துக்கு ஒருமுறை. இப்படிப் பதினைந்து ஆண்டுகள். மணமாகி வெளியூர் போன பெண்கள், பிழைப்புக்காகச் சென்னை போன ஆண்கள், இறந்தவர்கள் எல்லாரையும் பதிவேடு பின்தொடர்ந்தது.

ஏழரை ஆண்டுக் கணக்கைக் கொண்ட முதல் அறிக்கை 1979இல் வெளிவந்தது. ஊசி நுரையீரல் காசநோயைத் தடுத்ததற்குச் சான்றே இல்லை. முழு அறிக்கை 1999இல் வந்தது. தொடக்கத்தில் தொற்றில்லாமல் இருந்த 1,09,873 பேரில் பதினைந்தாண்டில் 560 பேருக்கு நோய் வந்திருந்தது. பெரியவர்களிடம் ஊசியின் காப்பு அறவே இல்லை. குழந்தைகளிடம் 27 சதவீதம். அதன் பிழைவிளிம்பு மைனஸ் 8 முதல் 50 வரை. அதாவது அங்கும் பலன் இல்லாமலே இருந்திருக்கலாம்.

ஆய்வு தோற்றது என்று இதைச் சொல்வோர் உண்டு. தோற்றது ஊசிதான், ஆய்வு தன் வேலையைச் செய்தது. இல்லை என்ற விடையைக் கேட்டதும் உலகம் முதலில் ஆய்வாளர்களைச் சந்தேகித்தது, பிறகு ஊசியின் தரத்தை, பிறகு மண்ணை. இந்த வட்டாரத்து மண்ணிலும் நீரிலும் தூசியிலும் காசநோய் தராத, ஆனால் காசநோய்க் கிருமிக்கு உறவான கிருமிகள் நிறைய உண்டு. அவற்றோடு பிறந்ததுமுதல் பழகிய உடலுக்குப் பி.சி.ஜி. புதிதாக எதையும் கற்றுத்தரவில்லை என்பது விளக்கம். ஆனால் 1999 அறிக்கை, இதை மட்டும் வைத்து முடிவை விளக்க முடியாது என்று தானே சொல்லிவிட்டது. 2002இல் மலாவியையும் இங்கிலாந்தையும் ஒப்பிட்ட ஆய்வு அந்த விளக்கத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. விவாதம் இன்னும் அடங்கவில்லை.

நடைமுறையில் பி.சி.ஜி. நிற்கவில்லை. கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயை அது தடுக்கிறது. எனவே பிறந்த குழந்தைக்குப் போடுவது தொடர வேண்டும் என 1980இல் உலக சுகாதார நிறுவனக் குழு பரிந்துரைத்தது. இன்றும் நம் ஆஸ்பத்திரிகளில் பிறந்த பிள்ளையின் இடது தோளில் விழும் தழும்பு அதுதான். வேறொரு கிளையும் இந்தக் களத்திலிருந்து பிரிந்தது. தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிட ஆவடியிலிருந்த கள ஆய்வு நிலையம் 1991இல் தொடங்கிய ஆய்வில் 1,71,400 பேர் பங்கேற்றார்கள், அதில் பி.சி.ஜி. தொழுநோயை ஓரளவு, 34 சதவீதம், தடுத்தது.

நோயாளியைத் தேடி

ஊசி கைவிட்ட பிறகு மிச்சமிருந்த வழி, நோயாளியைக் கண்டுபிடித்துக் குணமாக்கி, பரவலை நிறுத்துவது. சேத்துப்பட்டு மையம் அப்போது காசநோய் ஆராய்ச்சி மையம் ஆகியிருந்தது. 2011 முதல் அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நேரடிக் கண்காணிப்பில் மருந்து தரும் 'டாட்ஸ்' முறையை மையம் 1999இல் திருவள்ளூர் மாவட்டத்தில் சுமார் 5,80,000 பேர் வாழும் பகுதியில் தொடங்கியது. பழைய ஆய்வு கற்றுத்தந்த கணக்கெடுப்பு முறை இங்கே கைகொடுத்தது. லட்சத்துக்கு ஏறத்தாழ 600 என்றிருந்த கிருமி உறுதிசெய்யப்பட்ட காசநோய், 2004-2006 கணக்கெடுப்பில் பாதியாகச் சுமார் 300க்கு இறங்கியது. அடுத்த கணக்கெடுப்பில் கொஞ்சம் ஏறியது. முதல் செய்தி போன தூரம் இரண்டாவது போகவில்லை.

மாத்திரை இலவசம், ஆரம்ப சுகாதார நிலையமும் பக்கத்தில். பிறகு ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள்? 2000ஆம் ஆண்டு நோயாளிகளை வைத்து டி. சாந்தாவும் சகாக்களும் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில் விடை கிடைத்தது. ஆண்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், முன்பே ஒருமுறை சிகிச்சை எடுத்தவர்கள், மாத்திரையை விட்டுவிட்டு எடுத்தவர்கள். இவர்களோடு இன்னொரு பிரிவும் இருந்தது: கணக்கெடுப்பில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள். இருமல் தாங்காமல் தானே ஆஸ்பத்திரிக்கு வந்தவர் மருந்தை முடிக்கிறார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவரிடம் சளி வாங்கி, உனக்கு டிபி என்று சொன்னால், அவர் மனதில் நோயாளி ஆகவே இல்லை. இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும் வேலைக்குப் போய்விடுகிறார். தேடிக் கண்டுபிடிப்பதையே கொள்கையாகக் கொண்ட எந்தத் திட்டமும் இந்த முடிவைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2005இல் வந்த மற்றொரு ஆய்வில், குணமானதாக எழுதப்பட்டவர்களில் 12 சதவீதம் பேருக்கு நோய் திரும்ப வந்தது. அவர்களில் பெரும்பாலோர்க்கு முதல் ஆறு மாதத்திலேயே. மாத்திரையை ஒழுங்காக எடுக்காததும், புகைப்பழக்கமும், தொடக்கத்திலேயே மருந்துக்கு மசியாத கிருமியும் காரணங்கள். வாரம் மூன்று நாள், யாராவது பார்க்க மாத்திரை விழுங்க வேண்டும் என்பது அன்றைய விதி. கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு மாறி மாறி வேலை செய்கிற, ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலி வாங்குகிற ஒருவரை வைத்து அந்த விதியை யோசித்தால் அதன் விலை புரியும். மாத்திரை தரும் மையம் திறந்திருக்கும் நேரமே அவருடைய வேலை நேரம். 2017இல்தான் நாடு தினசரி மருந்துக்கு மாறியது.

இந்த விலையை எண்ணிக்கையில் காட்டியது ராஜேஸ்வரி ராமச்சந்திரனும் குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு. நோயாளிகளின் வீடுகளில் பள்ளி செல்லும் பிள்ளைகளில் 11 சதவீதம் பேர் படிப்பை விட்டிருந்தார்கள். மருந்துக்குச் செலவில்லை என்றாலும், இழந்த கூலியே குடும்பத்துக்குப் பெரிய செலவாக இருந்தது. காசநோய் ஆய்வு கல்வி ஆய்வாகவும் மாறிய இடம் இது. அதற்குப் பிறகும் பள்ளி இடைநிற்றலைப் பற்றிப் பேசும் கல்வியாளர்கள் வீட்டில் டிபி இருக்கிறதா என்று கேட்பது அபூர்வம்.

தட்டில் இருப்பது

1959 ஆய்விலிருந்து தேங்கிக் கிடந்த உணவுக் கேள்விக்கு 2023இல் லான்செட்டில் பதில் வந்தது. ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா தலைமையில், தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. நோயாளியின் வீட்டில் உடன் வசிக்கும் 10,345 பேரில் ஒரு பகுதியினருக்கு மாதம் தலைக்கு ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் கொடுத்தார்கள். நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. திருவள்ளூரில் இரண்டு ரக ஊசி பதினைந்தாண்டில் செய்யாததை அரிசியும் பருப்பும் செய்தன.

தமிழ்நாடு இதே திசையில் இன்னொரு அடி எடுத்துவைத்தது. 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்துக்கு அயப்பாக்கத்திலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் வழிவகுத்தது. நோய் உறுதியானதும் எடை, உயரம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம் பார்க்கிறார்கள். பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்றும் பார்க்கிறார்கள். உடல் நிறைக் குறியீடு 14க்கு மேல் போகாதவர் உடனே படுக்கையில் சேர்க்கப்படுகிறார். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை.

இதற்கிடையே பி.சி.ஜி. பெரியவர்களுக்குத் திரும்பி வந்திருக்கிறது. முதியவர்களுக்குப் பி.சி.ஜி. போட்டு, உடலின் எதிர்ப்பு வினை எப்படி மாறுகிறது என்று சேத்துப்பட்டு நிறுவனம் 2021இல் ஆராய்ந்து வெளியிட்டது. 2024இல் பல மாநிலங்களில் அறுபது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், புகைப்பவர்கள், எடை குறைந்தவர்கள், நோயாளியோடு வாழ்ந்தவர்கள் ஆகியோருக்குப் போடும் திட்டம் தொடங்கியது. ஊசி போட்ட மாவட்டங்களைப் போடாத மாவட்டங்களோடு ஒப்பிடுவது அதன் முறை. மருந்தில்லாத ஊசி போட்ட குழு அதில் இல்லை. இரண்டு மாவட்டங்களுக்கிடையே ஊசியைத் தவிரவும் எத்தனையோ வேறுபாடுகள் இருக்கும். பலன் தெரிந்தால் அதை எதன் கணக்கில் எழுதுவது என்ற சச்சரவு வந்தே தீரும். 1968இல் குறைந்த வசதியோடு ஒவ்வொரு ஆளாகச் சீட்டுப் போட்டுப் பிரித்து, பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்தவர்கள் இந்தச் சச்சரவுக்கு இடம் வைக்கவில்லை. அவர்கள் வடிவமைத்ததில் பாதி கண்டிப்பாவது இப்போதைய திட்டத்துக்கு வேண்டும்.