சென்னையின் முதல் வானொலி – ஒரு சங்கத்தின் கதை

இன்று ஓசூர், ராயக்கோட்டை பக்கம் ஒரு சங்கத்தில் சேர்ந்தால், சந்தா ரசீது கைக்கு வரும் முன்பே வாட்ஸ்அப் குழுவில் நமது எண் சேர்ந்துவிடும். புதிய கருவியைக் கொண்டு உறுப்பினர்களை ஈர்ப்பது இந்தக் காலத்துப் பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சென்னையில் 1924-லேயே ஒரு சங்கம் இதைச் செய்து பார்த்துவிட்டது. அதுதான் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்.

சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்ற பொறியாளரின் முயற்சியில் 1924 மே 16 அன்று இந்தச் சங்கம் தொடங்கியது. ஜூலை 31 முதல் ஒலிபரப்பும் ஆரம்பமானது. முதலில் 40 வாட், பின்னர் 200 வாட் ஒலிபரப்புக் கருவி. அரசு வானொலி என்ற ஒன்றே அப்போது நாட்டில் கிடையாது. சந்தா கட்டும் சிலரின் ஆர்வமே ஒரு நிலையத்தை நடத்தியது.

இங்கேதான் சிக்கல். நூலகம் என்றால் உறுப்பினர் அல்லாதவருக்குப் புத்தகம் தராமல் இருக்கலாம். காற்றில் போகும் பாட்டுக்குக் கதவு போட முடியுமா? கேட்கும் கருவி வைத்திருக்கும் எவரும் கேட்கலாம். சங்கத்துக்கோ செலவு நிற்காது. பணமுடையால் 1927 அக்டோபரில் ஒலிபரப்பு நின்றது.

சங்கத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. அதே 1927-ல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையம் திறந்த இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி முதல் போட்ட நிறுவனம். அதுவும் 1930 மார்ச்சில் மூடப்பட்டது.

ஆனால் சென்னைச் சங்கம் தன் கருவியைச் சென்னை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி அதைக் கொண்டு ஒலிபரப்பியது. பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்ததால், கருவி வாங்க முடியாத ஏழையும் நின்று கேட்டான். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும் வரை இந்தச் சேவை தொடர்ந்தது.

கருவி கூட்டத்தைக் கூட்டும். ஆனால் கேட்பவர்கள் எல்லோரும் உறுப்பினர்கள் ஆகிவிடுவதில்லை. குழுவில் நூறு பேர் இருந்தும் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வரும் சங்கங்களுக்கு இது புரியும். மூன்றே ஆண்டு ஒலிபரப்பிய சங்கம் பணமுடையால் ஓய்ந்தது. ஊருக்கு ஒரு வானொலியைக் கொடுத்துவிட்டுப் போனது.