ஒல்வேராவின் கோட்டையும் ஓடாத புகையிரதத்தின் பாதையும்





அன்தலுஸ் என்ற சொல்லைக் கேட்டவுடன் எமது உள்ளங்களில் இரண்டு காட்சிகள் எழுகின்றன. ஒன்று, குர்துபாப் பள்ளிவாசலின் தூண்களும் அல்ஹம்ரா மாளிகையின் நீரூற்றுகளும். மற்றையது, 1492ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி கிரனாடாவை ஒப்படைத்துவிட்டு வெளியேறிய கடைசி மன்னர் அபூ அப்துல்லாஹ். முதலாவதைப் பெருமையுடன் சொல்கிறோம். இரண்டாவதைக் கண்ணீருடன் சொல்கிறோம். 711ஆம் ஆண்டு முதல் அந்நாள் வரை அங்கு வாழ்ந்து மடிந்த சாதாரண மனிதர்களைப் பற்றியோ மிகக் குறைவாகவே பேசுகிறோம்.

சில வருடங்களுக்கு முன்னர் ஜும்ஆ உரையொன்றில் நானும் அவ்வாறே பேசினேன். தொழுகை முடிந்ததும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். "மௌலவி, அவங்க எங்களுக்குச் செஞ்சதையெல்லாம் சொன்னீங்க. நாங்க அவங்களுக்கு ஒண்டும் செய்யல்லயா?" என்று கேட்டார். அவ்வேளையில் என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. "பிறகு பேசுவோம் மகன்" என்று கூறி அனுப்பிவிட்டேன். இக்கட்டுரை அந்த மாணவருக்கு நான் தாமதமாகச் செலுத்தும் கடனாகும்.

அவரது கேள்விக்குப் பதில் தேடிப் பெருநகரங்களுக்குச் செல்ல வேண்டியதில்லை. சிறிய ஊரொன்றும் அதனைச் சுற்றியுள்ள பாதைகளும் போதுமானவை. ஸ்பெய்ன் நாட்டின் வரைபடத்தை எடுத்து விரித்துக்கொள்ளுங்கள். நூல்களின் துணையுடன் அவ்வூருக்குச் சென்று வருவோம்.

குன்றின் மேல் ஒரு கோட்டை

ஸ்பெய்னின் தென்பகுதியில், காதிஸ் மாகாணத்தின் வடகிழக்கு ஓரத்தில் ஒல்வேரா அமைந்துள்ளது. ஏறத்தாழ 8,000 மக்கள் வாழும் சிற்றூர். சுற்றிலும் ஸைத்தூன் தோட்டங்கள். நடுவே ஒரு குன்று. குன்றின் சரிவெங்கும் வெண்சுண்ணாம்பு பூசிய வீடுகள். இத்தகைய ஊர்கள் பல இப்பிரதேசத்தில் இருப்பதனால் அவற்றை 'வெள்ளைக் கிராமங்கள்' என்று அழைக்கின்றனர்.

குன்றின் உச்சியில் இரண்டு கட்டடங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று, 19ஆம் நூற்றாண்டில் கட்டிமுடிக்கப்பட்ட பெரிய தேவாலயம். மற்றையது, 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் முஸ்லிம்களால் கட்டப்பட்டதாகக் கூறப்படும் கோட்டை. பாறையின் வடிவத்தை அனுசரித்தே அதன் மதில்கள் எழுப்பப்பட்டதால், அது நீண்டதொரு முக்கோணம் போலக் காட்சியளிக்கிறது. பிற்காலத்தில் கிரனாடா அரசின் மேற்கு எல்லையைக் காத்த கோட்டைகளுள் இதுவும் ஒன்றாக விளங்கியது.

'எல்லை' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்பிரதேசத்தில் ஹெரேஸ், ஆர்கோஸ், மொரோன் ஆகிய ஊர்களின் பெயர்களுக்குப் பின்னால் இன்றும் 'தெ லா ஃபுரொந்தேரா' என்ற ஒட்டு உள்ளது. எல்லையிலுள்ள ஊர் என்பதே அதன் பொருள். எல்லை மறைந்து 500 ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் பெயர் மறையவில்லை.

1327ஆம் ஆண்டு காஸ்தில் நாட்டு மன்னர் 11ஆம் அல்ஃபொன்ஸோ ஒல்வேராவைக் கைப்பற்றினார். ஊரைப் பிடிப்பது இலகுவாக இருந்தது. அதில் குடியிருக்க ஆட்களைத் தேடுவதோ கடினமாக இருந்தது. எந்த இரவிலும் தாக்குதல் நிகழக்கூடிய இடத்துக்கு யார் தமது பிள்ளைகளுடன் வருவார்? எனவே, அங்கு வந்து குடியிருந்து காவல் புரிவோருக்குச் சலுகைகள் வழங்கப்பட்டன. கொலைக் குற்றவாளிகளுக்குக் கூட மன்னிப்புக் கிடைத்தது. கொலை செய்தவன் ஒல்வேராவுக்குப் போய்விடலாம் என்ற கருத்தில் ஸ்பானிய மக்களிடையே ஒரு பழமொழியே உருவானது. எல்லையோர வாழ்வு எத்துணை அச்சம் நிறைந்தது என்பதை விளங்க இப்பழமொழி ஒன்றே போதும்.

ஆட்சி மாறிய பின்னரும் மொழி முழுவதுமாக மாறிவிடவில்லை. ஒல்வேரா நகர பிதாவை இன்றும் 'அல்கால்தே' என்கின்றனர். அது எமது 'அல்காழீ' என்ற சொல்லின் திரிபாகும். அங்கு விளையும் எண்ணெயை 'அஸெய்தே' என்கின்றனர்; அது 'அஸ்ஸைத்'. வயலுக்கு நீர் பாய்ச்சும் வாய்க்கால் 'அஸெக்கியா', அது 'அஸ்ஸாகியா'. அறபு மத்ரஸாவில் முதலாம் வருடம் படிக்கும் மாணவரும் இவற்றை இனங்கண்டுகொள்வார்.

ஓடாத புகையிரதத்தின் பாதை

கோட்டையிலிருந்து இறங்கினால் ஊருக்கு வெளியே ஒரு பழைய புகையிரத நிலையத்தைக் காணலாம். ஆனால், அங்கு ஒரு புகையிரதமேனும் வந்ததில்லை.

1920களில் ஹெரேஸ் நகரையும் அல்மார்கென் என்ற ஊரையும் இணைக்கும் புகையிரதப் பாதைக்கான வேலைகள் ஆரம்பமாயின. மலைகள் குடையப்பட்டன, பள்ளத்தாக்குகளின் குறுக்கே பாலங்கள் எழுந்தன, நிலையங்களும் கட்டப்பட்டன. பின்னர் பொருளாதார நெருக்கடி வந்தது. அதனைத் தொடர்ந்து 1936இல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. தண்டவாளம் இடப்படாமலேயே வேலைகள் கைவிடப்பட்டன. பல தசாப்தங்களாக அப்பாதை காடு மண்டிக் கிடந்தது.

பின்னர் அது துவிச்சக்கர வண்டியில் செல்வோருக்கும் நடந்து செல்வோருக்குமான பாதையாகச் சீர்செய்யப்பட்டது. ஒல்வேராவிலிருந்து புவேர்தோ ஸெர்ரானோ என்ற ஊர் வரை அதன் நீளம் 36 கிலோமீற்றர்கள். வழியில் 30 சுரங்கங்களும் 4 பெரும் பாலங்களும் உள்ளன. புகையிரதத்தினால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது என்பதால் பொறியியலாளர்கள் மலையைக் குடைந்தும் பள்ளத்தை நிரவியும் பாதையை மெல்லிய சரிவாக அமைத்திருந்தனர். அதனாலேயே மலைநாடாக இருந்தும் சிறுவர்களும் முதியவர்களும் அதில் சிரமமின்றி வண்டியோட்ட முடிகிறது. ஒல்வேராவிலிருந்து புறப்படுவோருக்குப் பெரும்பாலும் இறக்கமே. நீண்ட சுரங்கங்களைக் கடக்க மட்டும் கையில் விளக்கொன்று வேண்டும். பாதையருகே ஸாஃப்ராமகோன் என்ற பெரும்பாறை உயர்ந்து நிற்கிறது. நூற்றுக்கணக்கான பாறுக் கழுகுகள் அதில் கூடுகட்டி வாழ்கின்றன.

இளைஞர்களே, அந்தச் சுரங்கங்களைக் குடைந்த தொழிலாளர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். தாம் அமைத்த பாதையில் ஒரு புகையிரதமும் ஓடுவதை அவர்கள் காணவில்லை. தமது உழைப்பு வீணாயிற்று என்றே அவர்களுட் பலர் எண்ணியிருக்கக்கூடும். ஆயினும், அவர்கள் அறியாத ஒரு தலைமுறை, அவர்கள் எண்ணியிராத ஒரு வாகனத்தில் அதே பாதையால் செல்கிறது. மறுமை நெருங்கிவிட்டாலும் கையிலுள்ள மரக்கன்றை நட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் எமக்குக் கற்பித்ததன் பொருளை விளங்க இதுவும் ஓர் உதாரணமாகும்.

ஸஹாராவில் ஓர் இரவு

பாதை முடியும் புவேர்தோ ஸெர்ரானோ, குவாதலெதே நதியின் அருகிலுள்ளது. 'குவாத்' என்பது 'வாதீ' என்ற அறபுச் சொல்லாகும். 711ஆம் ஆண்டு தாரிக் இப்னு ஸியாத் மன்னர் ரொத்ரிகோவை வென்ற போர் இந்நதியின் பெயராலேயே வழங்கப்படுகிறது. போர் நடந்த சரியான இடம் எது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அப்போருக்கு முன்னர் தாரிக் தமது கப்பல்களை எரித்தார் என்று மிம்பர்களில் நாம் சொல்லும் கதையும், பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் எழுதப்பட்ட நூல்களிலேயே காணப்படுகிறது. நானும் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அந்நதியின் மேற்பகுதிக்குச் சென்றால், இன்று நீர்த்தேக்கம் ஒன்றின் கரையில், மலையுச்சியில் ஒரு கோபுரம் தெரியும். அதுவே ஸஹாரா. அந்த மாணவரின் கேள்விக்கான பதில் இவ்வூரில்தான் உள்ளது.

1407இல் காஸ்தில் படையினர் ஸஹாராவை முஸ்லிம்களிடமிருந்து கைப்பற்றினர். அதன்பின் எல்லையின் இரு புறத்தாரும் ஒருவரையொருவர் தாக்குவதும், பின்னர் போர்நிறுத்தம் செய்துகொள்வதும் வழக்கமாயின. 1481 டிசம்பரிலும் போர்நிறுத்த உடன்பாடு ஒன்று நடைமுறையில் இருந்தது. அம்மாதத்தின் இறுதி நாட்களில் ஓர் இரவு, கிரனாடா மன்னர் அபுல் ஹஸன் அலீயின் படையினர் திடீரென மதிலேறி ஸஹாராவைக் கைப்பற்றினர். எதிர்த்தவர்கள் கொல்லப்பட்டனர். எஞ்சிய ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர்.

ஆம், இதைச் செய்தவர்கள் எமது மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள்.

இரண்டு மாதங்களுள், 1482 பெப்ரவரியில், காஸ்தில் படையினர் கிரனாடா அரசின் உட்பகுதியிலிருந்த அல்ஹமா நகரைக் கைப்பற்றிப் பழிதீர்த்தனர். கிரனாடாவின் வீழ்ச்சியில் முடிந்த பத்தாண்டுப் போர் இவ்வாறே ஆரம்பமானது. ஸஹாரா நடந்திராவிட்டால் போரே வந்திராது என நான் கூறவில்லை. பலம் மிக்க எதிரி தருணம் பார்த்துக் காத்திருந்தான். அத்தருணத்தை வழங்கியது நாம் மீறிய ஓர் உடன்பாடாகும்.

போர் மூண்ட பின்னரேனும் ஒற்றுமை ஏற்பட்டதா? அதே 1482இல் மகன் அபூ அப்துல்லாஹ் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்து ஆட்சியைப் பிடித்தார். 1483இல் லூஸெனா என்ற இடத்தில் அவர் எதிரிகளிடம் சிறைப்பட்டார். அவர்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டு விடுதலையானார். பின்னர் தந்தையுடனும், சிறிய தந்தை அஸ்ஸகலுடனும் மோதினார். அவர்கள் தமக்குள் போரிட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் எல்லைக் கோட்டைகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. 1483இல் ஸஹாரா, 1484இல், பாறைகளின் கீழ் வீடுகள் அமைந்துள்ள ஸெத்தெனில், 1485இல் ரொந்தா. இவையாவும் ஒல்வேராவைச் சுற்றியுள்ள ஊர்களே. இன்று துவிச்சக்கர வண்டியில் வருவோர் ஓரிரு நாட்களில் பார்த்து முடிக்கும் தூரத்தில் ஓர் அரசின் கதை முடிந்துபோனது.

எமது பெயரின் கதை

மறுபுறத்து அநீதியையும் நாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. கிரனாடா ஒப்படைக்கப்பட்டபோது முஸ்லிம்களின் மார்க்கமும் பள்ளிவாசல்களும் பாதுகாக்கப்படும் என எழுத்தில் உறுதியளிக்கப்பட்டது. 1499 முதலே அது மீறப்பட்டது. 1502இல் காஸ்தில் முஸ்லிம்களுக்கு மதம் மாறுதல் அல்லது வெளியேறுதல் என்ற இரு வழிகளே விடப்பட்டன. மதம் மாறியவர்களின் சந்ததியினரும் 1609க்கும் 1614க்கும் இடையில் மன்னர் 3ஆம் பிலிப்பின் கட்டளைப்படி நாடு கடத்தப்பட்டனர். அவர்களின் தொகை ஏறத்தாழ 300,000 ஆகும்.

இக்கதை எமது கரையையும் தொட்டது. ஸ்பெய்னிலும் போர்த்துக்கல்லிலும் முஸ்லிம்களைக் குறிக்க வழங்கிய 'மோரோ', 'மவுரோ' என்ற பெயரையே 16ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் எமது முன்னோருக்கும் சூட்டினர். எமது பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களில் ஆங்கிலத்தில் காணப்படும் 'மூர்' என்ற சொல் அங்கிருந்து வந்ததே. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல்லும் ஸ்பானிய மன்னரின் முடியின் கீழ் இருந்தது. நாடு கடத்தும் கட்டளை பிறப்பித்த 3ஆம் பிலிப்பின் மகன் ஆட்சி செய்த காலத்தில்தான், 1626இல், இலங்கையின் போர்த்துக்கேயப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளித்தவர் கண்டி மன்னர் செனரத். அவர்களுள் பெருந்தொகையினரைக் கிழக்குக் கரையில் குடியேற்றினார். அவர் முஸ்லிம் அல்லர், பௌத்த மன்னர். உடன்பாட்டை மீறியவர் எமது தரப்பிலும் இருந்தார். எமக்கு அடைக்கலம் தந்தவர் வேறு சமூகத்திலும் இருந்தார். வரலாற்றை முழுமையாகப் படிப்பவருக்கே இவ்விரண்டும் தெரியவரும்.

பெற்றோர்களே

பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைப் பார்க்குமாறு அல்குர்ஆன் பல இடங்களில் எம்மை அழைக்கிறது. பிறர் செய்த அநீதியை மட்டும் பட்டியலிடுவதற்காக அந்த அழைப்பு விடுக்கப்படவில்லை. எமக்கே பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு ஸூரதுன் நிஸா கட்டளையிடுகிறது. அச்சாட்சியத்தில் வரலாறும் அடங்கும்.

அன்தலுஸைப் பற்றி உங்கள் பிள்ளைகளுக்கு அழுகையை மட்டும் கொடுத்தால் அது ஒருநாள் கோபமாக மாறும். பெருமையை மட்டும் கொடுத்தால் அது சோம்பலாக மாறும். முழுக் கதையையும் கொடுங்கள். ஒரு விடுமுறை நாளில் வரைபடத்தை விரித்து ஒல்வேரா, ஸஹாரா, ஸெத்தெனில், ரொந்தா ஆகிய நான்கு ஊர்களையும் அவர்களுடன் சேர்ந்து தேடுங்கள். பிறகு உங்கள் சொந்த ஊரின் பழைய பள்ளிவாசலுக்கும் மையவாடிக்கும் அவர்களைத் துவிச்சக்கர வண்டியிலேயே அழைத்துச் சென்று, அங்குள்ள பெயர்களையும் ஆண்டுகளையும் எழுதிவரச் சொல்லுங்கள்.

அன்று என்னிடம் கேள்வி கேட்ட மகனுக்கு இப்போது பதில் சொல்கிறேன்: ஆம், நாமும் செய்தோம். அதை ஒப்புக்கொள்வதால் எமது மார்க்கத்தின் கண்ணியம் குறையாது. வாக்கை மீறியது தவறென்று எமக்குக் கற்பித்ததே அந்த மார்க்கம்தான்.

நேர்மையாகச் சாட்சி சொல்வோராகவும், கொடுத்த வாக்கைக் காப்போராகவும் அல்லாஹ் எம்மையும் எமது சந்ததியினரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.